இருபதடித் தண்ணீர்

— பதினாலு படகு. கடப்பாரையால குத்தி, ஒவ்வொண்ணுக்கும் அடியில ஓட்ட. ஒத்துக்குறீங்களா இல்லையா, பெரியவரே?

— பதினாலா? எஸ்ஐ அம்மா, ஒரு மனுசன இப்படி கேவலப்படுத்தாதம்மா. நூத்தி நாப்பது இருக்கும். நான் குத்துன குத்துல ஆத்துத் தண்ணியே சூடாயி ஆவி கெளம்பிச்சி. நண்டெல்லாம் வெந்து செவந்து கரையேறி வந்து என்னைக் கும்பிட்டுச்சி.

— பாத்தீங்களா மேடம்? இந்தாளு திமிர பாத்தீங்களா? என்கிட்ட இருந்ததே மூணு பேரு ஒக்கார்ற கயாக் பதினாலுதான். பதினாலும் போச்சி. என் கைய பாருங்க, மணிக்கட்டு எலும்பு ரெண்டா நிக்கிது. மாவுக்கட்டு இன்னும் காயல.

— கத்தாதீங்க ராஜாங்கம். ஒங்க புகார எழுதியாச்சு, ஒக்காருங்க. கலியபெருமாள், இவரு கையில எத்தன அடி போட்டீங்க?

— சரியா ஞாபகம் இல்லம்மா. ஒரு பத்து போட்டிருப்பேன்.

— டாக்டர் சீட்டுல ஒரே அடின்னு இருக்கு.

— டாக்டர் அங்க இருந்தாரா? நான் இருந்தேன்.

— சரி. பதினாலு நூத்தி நாப்பதாவுது, ஒண்ணு பத்தாவுது. ஒங்ககிட்ட பேச எனக்கு வழி கெடச்சிடுச்சு. எது சொன்னாலும் பத்தால வகுத்துக்குறேன். வயசு?

— அறுநூத்தி அறுவது.

— அறுபத்தாறு. ஒங்கள அடிச்சது எத்தன பேரு?

— நாப்பது பேரும்மா! நாப்பது கடோத்கஜன். ஆளுக்கொரு துடுப்பு. முதுகுல விழுந்த சத்தம் வீராம்பட்டினம் வரைக்கும் கேட்டு, தேர் கெளம்பிட்டுதுன்னு சனமெல்லாம் தேங்காயோட ஓடியாந்துச்சி. எங்க தெருவுல ஒரு சொல்தா இருந்தாரு, பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சைகோன் வரைக்கும் போயி குண்டடி பட்டவரு. அவரு ஒடம்புல இருந்த காயத்த விட என் ஒடம்புல இப்ப ஒண்ணு தூக்கல்.

— நாலு பேரு. ரத்தம் துப்புறீங்களே, பல்லு போயிருக்கா?

— இருபது பல்லு.

— ரெண்டு. பூர்ணிமா, இவருக்கு அந்த டம்ளர்ல தண்ணி குடு. இன்னொரு டம்ளர் கீழ வை, துப்பட்டும். சரி, அடுத்தது. தொடையில பல்லு பதிஞ்ச காயத்தோட ஒருத்தன் ஆஸ்பத்திரியில கெடக்குறானே, அது?

— அது நாந்தாம்மா. வெக்கமா இருக்கு சொல்ல. கீழ தள்ளி மாருமேல ஏறி ஒக்காந்துட்டான். வாய்க்கு நேரா தொட. ஆடி மாசக் கூழுக்கு மொச்சக்கொட்ட கருவாட்டுக்கொழம்பு கெடச்ச மாதிரி கவ்வுனேன். அந்தக் கடியிலதான் ஒரு பல்லு அவங்கூடவே போச்சி. அத நான் திருப்பிக் கேக்கல.

— சிரிக்காதீங்க மேடம். ஒங்களுக்கு சிரிப்பா இருக்கு. பெங்களூரு கம்பெனிக்காரங்க முப்பத்திரண்டு பேரு கண்ணு முன்னாடி இந்த ஆட்டம். அதுல ஒரு பொண்ணு மயங்கி வுழுந்துடுச்சி. இன்னொருத்தன் எல்லாத்தையும் போன்ல எடுத்துட்டான். எனக்கு நாலு புள்ளி எட்டு ஸ்டார் மேடம். ஆறு வருசமா சேத்த ஸ்டாரு. நாளைக்கு எவன் வருவான்?

— நான் சிரிக்கல, ராஜாங்கம். இருமினேன். நான் காரைக்கால்லேர்ந்து மாத்தலாயி வந்து மூணு வாரம்தான் ஆவுது. ஒங்க எடமும் தெரியாது, ஆறும் தெரியாது. மொதல்லேர்ந்து சொல்லுங்க. இவரு யாரு, ஒங்ககிட்ட என்ன வேல?

— கொடி ஏத்துற வேல மேடம். அவ்ளோதான். காலையில வந்து ஆத்த பாக்கணும், பச்சையோ மஞ்சளோ செவப்போ ஒரு கொடிய கட்டணும், பென்ச்சுல ஒக்காந்து டீ குடிக்கணும். பச்சைன்னா எல்லாரும் போலாம். மஞ்சள்னா நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும். செவப்புன்னா போட்டு எறங்காது. பெரிய மனுசன், பொதுப்பணியில இருந்தவரு, சும்மா ஒக்காந்திருக்காரேன்னு பாவம் பாத்து வெச்சேன். அதுக்கு எனக்கு கடப்பாரை.

— சும்மாவா? யம்மா, இவன் சொல்றத வகுக்காத, பெருக்கு. முப்பத்திநாலு வருசம் அளவு படிச்சவன் நானு. பாலத்துக் கால்ல வெள்ள பெயின்ட்டுல அடியும் அங்குலமும் போட்டிருக்கும் பாரு, அத மூணு வேளையும் படிச்சி நோட்டுல ஏத்துறது என் உத்தியோகம். மழையில படிச்சேன், புயல்ல படிச்சேன், கல்யாணத்தன்னைக்கு மாலையோட போயி படிச்சேன். பொண்ணு வீட்டுக்காரங்க நான் ஓடிட்டேன்னு நெனச்சி தொரத்திக்கிட்டு வந்துட்டாங்க. முப்பத்திநாலு வருசத்துல ஒரு அர அங்குலம் தப்பா எழுதினது கெடையாது.

— அப்படிப்பட்ட ஆளா எல்லாத்தையும் பத்து மடங்கா பேசுறீங்க?

— அதாம்மா வெளயாட்டே! சம்பளம் வாங்குறவன் அளவா பேசணும். பென்ஷன்காரன் எதுக்கு அளவா பேசணும்? வயித்துல அடச்சி வெச்சிருந்தத எல்லாம் இப்பதான் அவுத்து வுடுறேன்.

— சரி. இன்னைக்கு என்ன கொடி கட்டுனீங்க?

— செவப்பு. ஆறர மணிக்கு.

— மேடம், வெளிய எட்டிப் பாருங்க. வெயில் மண்டைய பொளக்குது. நாலு நாளா ஒரு பொட்டு மழ இல்ல. காத்து இல்ல. ஆறு கண்ணாடி மாதிரி கெடக்கு, மொகம் பாத்து தல வாரலாம். இதுக்கு செவப்பாம்! முப்பத்திரண்டு பேரு டிக்கெட் போட்டு, ராத்திரி பூரா வண்டியில வந்து எறங்கி நிக்கிறாங்க. நான் கொடிய எறக்கினேன். பச்சைய கட்டினேன். என் கம்பம், என் கொடி, என் போட்டு. அதுல என்ன தப்பு?

— கலியபெருமாள், வெயில் அடிக்கிறது உண்மதான? எத வெச்சி செவப்பு கட்டுனீங்க?

— நாக்க வெச்சி.

— என்னது?

— நாக்கும்மா, நாக்கு. தெனம் காலையில ஒரு கை தண்ணி அள்ளி வாயில வுட்டுப் பாப்பேன். அரியாங்குப்பத்து ஆறு கடலோட கலக்குற எடம், எப்பவும் கரிக்கும். கரிச்சா கடல் கை ஓங்கியிருக்குன்னு அர்த்தம், ஒண்ணும் பயமில்ல. இன்னைக்குக் காலையில அள்ளி வாயில வுட்டேன். சக்கரப் பொங்கல்! முந்திரிப்பருப்பு ஒண்ணுதான் கொற.

— உப்பு இல்லன்னு சொல்றீங்க.

— ஒரு துளி இல்ல. அப்ப கடல வெளிய தள்ளுற அளவுக்கு மேலேர்ந்து நல்ல தண்ணி வருது. எங்கேர்ந்து? இங்க வெயிலு. ஆனா இந்தத் தண்ணி இங்கயா பொறக்குது? செஞ்சி மலைப்பக்கம் பொறக்குது. அங்க ரெண்டு நாளா வானம் கிழிஞ்சி ஊத்தியிருக்கு. அப்புறம் ஆகாயத்தாமர வந்துச்சி. ஒவ்வொரு கொத்தும் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அளவு. ஒண்ணு மேல ஒரு பாம்பு சுருண்டு ஒக்காந்து கவர்னர் மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே போவுது.

— ஆகாயத்தாமர எப்பவும் மெதக்கும் மேடம். இது ஒரு சாட்சியா?

— நிக்கிற தாமரைக்கு வேர் கருப்பா, சேறு புடிச்சி இருக்கும்டா. இது வெள்ள வேரு. புதுசா பிச்சிக்கிட்டு வந்தது. ஏதோ ஏரி வழிஞ்சி தூக்கி எறிஞ்சிருக்கு. அதோட ஆறு மணிக்கு வத்தம், தண்ணி எறங்கணும். எறங்கல. படித்தொறையில நான் வெச்ச அடையாளத்த வுட்டு ஒரு விரக்கட கூட எறங்கல. ராமலிங்கத்துக்கு போன் போட்டேன், என்கூட வேல பாத்தவன், அணைக்குப் பக்கத்துல பையன் வூட்டோட இருக்கான். வெடியக்கால நாலு மணிக்கு கதவ தூக்கிட்டாங்க கலியான்னான்.

— அத இவருகிட்ட சொன்னீங்களா?

— சொன்னாரு மேடம், எப்படி சொன்னாருன்னு கேளுங்க! ஆயிரம் யான சாராயம் குடிச்சிட்டு வர்ற மாதிரி தண்ணி வருது, ராசாங்கம், ஒன்னையும் ஒன் ஸ்டாரையும் மிதிச்சி மாலத்தீவுல கொண்டு போயி போடப் போவுதுன்னாரு. கஸ்டமர் எல்லாம் கைதட்டி சிரிக்கிறாங்க. போன மாசம் சாதா அலைக்கு, திமிங்கலம் பேரப்புள்ளைங்களோட வருதுன்னாரு. இவரு பேச்ச நம்பி எவனாவது தொழில் பண்ண முடியுமா?

— போன மாசமும் செவப்பு கட்டுனாரா?

— இல்ல. அப்ப மஞ்சள்.

— அதுக்கு முந்தி?

— பச்சதான் மேடம். பெரும்பாலும் பச்ச. வாய்தான் நீளம்.

— வாயி பொய் சொல்லும், கொடி பொய் சொல்லாது. ஆறு வருசத்துல நான் செவப்பு கட்டினது எத்தன தடவன்னு கேளும்மா அவன.

— எத்தன தடவ, ராஜாங்கம்?

— அது… நாலஞ்சி இருக்கும்.

— மூணு. இன்னையோட மூணு.

— நீங்க சொன்ன மூணப் பத்தால வகுத்தா ஒண்ணும் இருக்காதே.

— இதுல வகுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. மூணுதான்.

— ம். சரி, அடுத்தது. கொடிய எறக்குனாரு, நீங்க கடப்பாரைய எடுத்தீங்க. வாய்ப்பேச்சு முடிஞ்சவுடனே கடப்பாரையா? நடுவுல ஒண்ணும் இல்லையா?

— இருந்துச்சும்மா. காலுல வுழுந்தேன்.

— யாரு காலுல?

— இதோ, இவன் காலுல. அறுநூத்தி அறுவது வயசுல. இன்னைக்கு ஒரு நாள் வேணாம் ராசான்னேன். ஷூ காலால தள்ளிட்டு, போயி டீ குடின்னான். அந்த டீக்கடைக்குப் பக்கத்துலதான் கடப்பாரை சாத்தியிருந்துச்சி. கொடிக்கம்பத்துக்கு குழி தோண்டின கடப்பாரை. நான் எடுக்கல, அதுவே என் கையில வந்து ஒக்காந்துச்சி. மொத படகு பொட்டுன்னு போச்சி பாரு, யம்மா, அந்த சத்தம்! வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோசம் நான் கண்டதில்ல. ரெண்டாவது, மூணாவது… பிளாஸ்டிக்கு கிழியிறப்ப பன்னி கத்துற மாதிரி ஒரு கத்து கத்துது. இவன் ஆளுங்க வந்து துடுப்பால மண்டையில போடுறானுங்க, ஒருத்தன் வெலாவுல எட்டி மிதிக்கிறான், எனக்கு ஒறைக்கவே இல்ல. ரத்தம் கண்ணுல வழியிது, ஒத்தக் கண்ணால குறி பாத்து குத்துறேன். பதினாலும் முடிஞ்சப்பதான் வலிச்சுது.

— பதினாலுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

— அய்யே. வாய் தவறிடுச்சி.

— இவர் கைய ஏன் ஒடச்சீங்க? படகெல்லாம் போனப்புறம்தான அது நடந்துச்சு?

— அது கொடிய எறக்கின கையி.

— கேட்டுக்கிட்டீங்களா மேடம்? வேணும்னே ஒடச்சேன்னு சொல்றான்! யோவ் கெழவா, ஒன்ன இங்கயே…

— ராஜாங்கம்! நாற்காலிய கீழ போடு! பூர்ணிமா, புடி அவர! ஸ்டேஷன்ல, என் மேசைக்கு முன்னாடி, மாவுக்கட்டு கையால அடிக்க வரியா? இன்னொரு கைக்கும் கட்டு போட அனுப்பவா? ஒக்காரு. ஒக்காருன்னேன்!

— வுடும்மா, அடிக்கட்டும். இன்னும் முன்னூறு பல்லு மிச்சமிருக்கு.

— நீங்களும் வாய மூடுங்க.

— மேடம், மன்னிச்சிக்கோங்க. தல கொதிக்கிது. ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தாளு என்னைத் தோக்கடிச்சிட்டேன்னு நெனச்சி பல்லு இல்லாத வாயால இளிச்சிக்கிட்டிருக்கான். நான் தோக்கல. மூலக்குளத்துல என் பிரண்டு வெற்றிச்செல்வன் கோடவுன்ல பதினாறு கயாக் சும்மா கெடந்துச்சி, ரெண்டு பேரு ஒக்கார்றது. லாரியில ஏத்தி எறக்கியாச்சி. கஸ்டமருக்கு மதியம் பிரியாணி போட்டு சமாதானம் பண்ணியாச்சி. மூணு மணிக்கு டிரிப்பு கெளம்புது.

— என்னது? என்னடா சொல்ற? மூணு மணிக்கா?

— ஏன் பெரியவரே, இப்ப மட்டும் சிரிப்பு நின்னுபோச்சி?

— மணி என்னம்மா இப்ப?

— ரெண்டு நாப்பது.

— யம்மா, நிறுத்து. எழுதறத நிறுத்து. மூணரைக்கு கடல் ஏத்தம். மேலேர்ந்து வர்ற தண்ணிய முகத்துவாரத்துல கடல் கதவ சாத்தி நிறுத்தி வெச்சிருக்கும். அதான் பாக்குறதுக்கு கண்ணாடி மாதிரி கெடக்கு. நாலு மணிக்கு வத்தம் திரும்பும். தேங்கின அம்புட்டும் ஒரே மூச்சுல கடலுக்கு ஓடும். இவன் டிரிப்பு எப்படின்னா, மொதல்ல மேல அர மணி நேரம் போவாங்க. அப்புறம் தண்ணி போக்குலயே எறங்கி, குடிதண்ணிக் குழாய்க்கு அடியில பூந்து, சுரபுன்ன அலையாத்திக் காட்டுக்குள்ள போவாங்க. நாலு மணிக்கு சரியா அந்தக் குழாய்கிட்ட இருப்பாங்க.

— என்ன குழாய்?

— ஒண்ணுமில்ல மேடம், ஆத்துக்குக் குறுக்க போற இரும்புக் குழாய். தண்ணிக்கு மேல மூணு அடி ஒசரத்துல போவுது. எல்லாரும் குனிஞ்சிக்கிட்டு அதுக்கடியில போறதுதான் எங்க டிரிப்புல ஹைலைட்டே. எல்லாரும் கத்துவாங்க, செல்பி எடுப்பாங்க. பாதி ரிவ்யூ அந்தக் குழாயப் பத்திதான்.

— இருங்க. நான் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கே கேட்டுடுறேன். ஒங்க ரெண்டு பேரு வாயும் எனக்கு வேணாம்… ஹலோ. எஸ்ஐ சுடர்விழி பேசறேன். அரியாங்குப்பம் ஆத்துல தண்ணி நெலவரம் என்ன?… ஆமா, அணை தொறந்தது… சரி… சரி… எச்சரிக்கை எதுவும் குடுத்திருக்கீங்களா?… கரையோரத்துக்கு மட்டுமா. எவ்ளோ ஏறும்னு எதிர்பாக்குறீங்க?… அரை மீட்டர்லேர்ந்து அறுபது சென்ட்டி. சரிங்க. நன்றி.

— பாத்தீங்களா மேடம்? அறுபது சென்ட்டி! ஊர்ல எவன் வூட்டு வாசப்படியும் நனையாது.

— கலியபெருமாள், நீங்க சொல்லுங்க. முப்பத்திநாலு வருசம் படிச்சவரு. எவ்ளோ தண்ணி ஏறும்?

— இருபது அடிம்மா! பனமர ஒசரம்! இருபது அடி!

— பத்தால வகுத்தா ரெண்டு. அறுபது சென்ட்டின்னாலும் ரெண்டு அடிதான். கவருமென்டு கணக்கும் ஒங்க கணக்கும் ஒத்துப்போயிடுச்சு. ரெண்டு அடி, பெரியவரே. என் முழங்கால் ஒசரம். இதுக்காகவா பதினாலு படகும், ஒரு மனுசன் கையும், ஒங்க ரெண்டு பல்லும்?

— அதத்தான் மேடம் நானும் காலையிலேர்ந்து கேக்குறேன்.

— நம்ம கான்ஸ்டபிள் பிரேம்குமார் அங்க படித்தொறையிலதான் ஒடஞ்ச படகெல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டிருக்காரு. அவரு கெளப்ப வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்காரு. இந்தா, விட்டுடுங்கன்னு மெசேஜ் அனுப்பிட்டேன், ராஜாங்கம். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்குல்ல?

— முப்பத்திரண்டும் புதுசு மேடம். நல்ல கம்பெனி.

— அதப் போடச் சொல்லாதம்மா.

— என்ன?

— லைஃப் ஜாக்கெட்டு. கண்ணையனும் போட்டிருந்தான்.

— யாரு கண்ணையன்?

— மேடம், அது பழைய கதை. முடிஞ்சி போன கேஸு. இதுக்கும் அதுக்கும்…

— ஒங்கள கேக்கல, ராஜாங்கம். சொல்லுங்க பெரியவரே.

— வீராம்பட்டினத்துப் புள்ள. முப்பத்தோரு வயசு. இவன்கிட்ட வழிகாட்டியா இருந்தான், முன்னால போற படகு அவனுது. கடல்ல பொறந்தவன். மூச்சு அடக்கி முங்கினான்னா நாம ஒரு டீ குடிச்சி காசு குடுத்துட்டு வந்து பாத்தாலும் முங்கினபடி இருப்பான். என்னைப் பெரியப்பான்னு கூப்புடுவான். போன வருசம் ஐப்பசி பதினேழு. இதே மாதிரி வெயிலு. இதே மாதிரி உப்பில்ல. செவப்பு கட்டினேன். இவன் எறக்கினான். கண்ணையன் என்கிட்ட வந்து, பெரியப்பா, நீ சொல்லு, எவ்ளோ ஏறும்னு கேட்டான்.

— சொல்லுங்க.

— அப்பல்லாம் நான் அளவா பேசுவேம்மா. முப்பத்திநாலு வருசப் பழக்கம். படித்தொறைய பாத்தேன், கணக்கு போட்டேன், உள்ளத உள்ளபடி சொன்னேன். ரெண்டு அடிடா கண்ணையான்னேன்.

— ரெண்டு அடி.

— சிரிச்சான். ரெண்டு அடிக்கு எங்க வூட்டு கோழியே நீந்திப் போயிடும் பெரியப்பான்னான். வரிசையில நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. எனக்கே சிரிப்பு வந்துச்சி. ரெண்டு அடின்னா எவனுக்குப் பயம் வரும்? வாளியில புடிக்கிற தண்ணி. போயிட்டு வாடான்னு கையக்கூட ஆட்டினேன்.

— குழாய் மூணு அடி ஒசரத்துல இருந்துச்சுன்னு சொன்னாரே…

— மூணுல ரெண்டு போனா ஒண்ணு. ஒக்காந்திருக்கிற மனுசனுக்கு ஒரு அடி எடம். அவன் முன்னால போனான். வளைவு திரும்பினதும் குழாய பாத்துட்டான், நிறுத்த முடியல, வத்தம் திரும்பி ஆறு அடிச்சிக்கிட்டு ஓடுது. பின்னால வந்த ஆறு படகையும் கரைக்குப் போங்கடான்னு கத்தினான். அதுக்குத் திரும்பினவன் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள குழாய் நெஞ்சுல அடிச்சிது. படகு அடியில போயிடுச்சி. ஆளு நின்னுட்டான்.

— முங்கி அந்தப் பக்கம் போயிருக்கலாமே? மூச்சு அடக்குறவன்னு சொன்னீங்க?

— முங்க வுடலம்மா ஜாக்கெட்டு. அது மேல தூக்குது. ஆறு முன்னால தள்ளுது. நடுவுல இரும்பு. கழட்டலாம்னு பாத்திருக்கான், கொக்கி குழாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சி. வெரலு நகமெல்லாம் பேந்திருந்துச்சி. தல தண்ணிக்கு மேல ஒரு சாண் இருந்துச்சி, அப்புறம் அர சாண், அப்புறம் இல்ல. நான் கரையில நிக்கிறேன். கயிறு போட்டேன், போட்டேன், எட்டல. தண்ணி வடிஞ்சி எடுக்குறப்ப மத்தியானம் மணி ரெண்டேகால். அஞ்சி மணி நேரம் நின்னபடி இருந்தான்.

— ராஜாங்கம், இதுக்கு ஸ்டேஷன்ல என்ன எழுதிக் குடுத்தீங்க?

— மேடம், அது… அவன் கொஞ்சம் குடிப்பான்…

— குடிச்சிட்டுப் போனான்னு எழுதிக் குடுத்தான்மா. அந்தப் புள்ள டீயே தொட மாட்டான்.

— நீங்க ஏன் அப்ப வந்து சொல்லல?

— என்னான்னு சொல்லுவேன்? அவன அனுப்பி வெச்சதே நாந்தான. ரெண்டு அடின்னு சொன்ன வாயி என்னுது. அளவு சரியா இருந்துச்சும்மா. அர அங்குலம் தப்பல. சாயங்காலம் போயி படித்தொறையில தண்ணி ஏறின ஈரக்கோட்ட பாத்தேன், சரியா ரெண்டு அடி. அன்னைக்குதான் முடிவு பண்ணேன், இனிமே இந்த வாயால உள்ள அளவ சொல்றதில்லன்னு. பாம்புன்னா மலப்பாம்பு. காத்துன்னா சூறாவளி. பழகணுமேன்னு வூட்டுல, டீக்கடையில, எங்க பாத்தாலும் பத்து மடங்கா அவுத்து வுட்டேன். அதுவும் ருசியாதான் இருந்துச்சி, பொய் சொல்லுவானேன். ஆனா சனங்க பத்தால வகுக்கும்னு நெனக்கல. நீ வகுத்து, அந்தப் பாழாப்போன ரெண்டு அடியவே திரும்பக் கொண்டாந்து என் முன்னால வெச்சிட்ட.

— மணி ரெண்டு ஐம்பத்தஞ்சி மேடம். எங்க மேனேஜர் கூப்புடுறான். போன எடுக்கவா?

— போன மேசையில வை, ராஜாங்கம். கைய எடு. இன்னொரு கையும் ஒடையிறதுக்கு முன்னாடி எடு… ஹலோ, பிரேம்குமார்? கேக்குதா? தண்ணியில எறங்கினவங்க எத்தன பேரு?… எட்டு படகா? எல்லாரையும் கரையேத்து. அடிச்சாவது ஏத்து… யாரு சிரிக்கிறா? எவ்ளோ தண்ணி வருதுன்னு கேக்குறாங்களா? இருபது அடின்னு சொல்லு. பனமர ஒசரம்னு சொல்லு. ஒரு அங்குலம் கொறச்சி சொன்ன, ஒன் தொப்பிய நான் கழட்டிடுவேன்.